உமைத் பவன் அரண்மனை

உமைத் பவன் அரண்மனை: பாரத தேசத்தின் இராஜஸ்தான் மாநிலத்திலே, தார்ப் பாலைவனத்தின் கீழைவிளிம்பில் விளங்கும் ஜோத்பூர் நகரின் தென்கிழக்கே, சீத்தர் எனப்படும் கற்குன்றின்மீது, மார்வார் சமஸ்தானத்தின் மஹாராஜா உமைத் சிங் (1903–1947) அவர்களால் 1929 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆந் திகதி அத்திவாரமிடப்பெற்று, 1943 இல் நிறைவெய்திய பெருமாளிகை. குன்றின் பெயரால் சீத்தர் மாளிகை என்றும் அவ்வூர் மக்கள் இதனை வழங்குவர். அறைகள் 347, தோட்டம் 15 ஏக்கர் உட்பட வளவின் பரப்பு 26 ஏக்கர். முடிமன்னர் ஒருவர் குடியிருப்பதற்கென்று இந்திய மண்ணிலே எழுப்பப்பெற்ற பேரரண்மனைகளுள் இறுதியாக எழுந்தவற்றுள் இது ஒன்று. கொழும்பு மாநகர மண்டபம் தன் வெண்மாடத்தோடு 1928 இல் திறந்துவைக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், அதற்கு அடுத்த ஆண்டிலே அத்திவாரமிட்ட இவ்வரண்மனை எத்துணை அண்மைக்காலத்தது என்பது நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

நாடும் நீரும்

மார்வார் என்னும் பெயர், பாலையைக் குறிக்கும் 'மரு' என்ற வடசொல்லை அடியாகக் கொண்டது. தமிழ் இலக்கண மரபிலே பாலைக்குத் தனி நிலம் வகுக்கப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவழி எய்தும் நிலையையே நம் முன்னோர் பாலை என்றனர். மழை வந்தால் அப்பாலை மறைந்துவிடும். மார்வாரோ திரிபினால் வந்த பாலையன்று. என்றும் பாலையாகவே இருப்பது. ஆண்டு முழுவதும் ஜோத்பூரிற் பெய்யும் மழை ஏறக்குறைய 36 சதமமீற்றர். கொழும்பிற் பெய்வதோ அதனைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். மழைக்கால மாலைகளில் கான்கள் நிரம்பித் தெரு மூழ்குவதைக் கண்டு சலித்துக்கொள்ளும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசிகளுக்கு, ஆடி ஆவணியில் இரண்டு மழை தவறிவிட்டால் ஒரு நாடே பெயர்ந்து கால்நடைகளை ஓட்டிக்கொண்டு அயல்தேசம் போகும் வாழ்க்கையை மனத்தில் உருவகித்துக்கொள்ளுதல் கடினமாக இருக்கலாம். ஆயினும் அதனை உருவகித்துக்கொள்ளாமல் இவ்வரண்மனையின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

சமஸ்தானத்தின் விஸ்தீரணம் ஏறத்தாழ 36,000 சதுர மைல். 25,000 சதுர மைலளவினதாகிய நம் இலங்கைத் தீவினும் ஒன்றரை மடங்கு அண்மியது. இராஜபுதனத்துச் சமஸ்தானங்களுள் இதுவே மிகப் பெரியது. எனினும் அப்பரப்பிற் பெரும்பகுதி மணலும் முள்ளுமேயாம். ஓடுகின்ற ஒரே பெருநதியாகிய லூணி, பெயராலேயே உப்பைக் குறிப்பது, கோடையில் வற்றுவது. அந்நிலத்தின் உயிர்மரம், அங்குள்ளோர் கேஜ்ரி என வழங்கும் மரம். அது நம் சிவாலயங்கள் சிலவற்றிலே தலவிருட்சமாகப் பூசிக்கப்படும் வன்னிமரமே. அதன் நிழலிலே கம்பு விளையும். அதன் காயைக் கறியாக்குவர். இலையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் இடுவர். கொடும் பஞ்சம் வந்தபோது அதன் பட்டையையே இடித்து மாவாக்கி உண்டதும் உண்டு. 1730 இல் ஜோத்பூர் அரசனின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டி வன்னியை வெட்டப் புகுந்தபோது, கேஜட்லி என்னும் கிராமத்திலே பிஷ்ணோய் சமூகத்தார் 363 பேர் மரங்களைத் தழுவிநின்று உயிர்கொடுத்தனர். மரத்தின் அருமையை அறிந்தவர் மரத்துக்காக மடிந்தனர்.

ராத்தோர் மரபும் பழைய கோட்டையும்

இந்நாட்டை ஆண்டவர் ராத்தோர் குலத்து இராஜபுத்திரர். கன்னௌசியிலிருந்து பெயர்ந்து வந்தவர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ராவ் சூண்டா மண்டோரைத் தலைநகராகப் பெற்றான். அவன் மகன் ரண்மல் 1438 இல் சித்தூர்க் கோட்டையிலே கொலையுண்ண, அவன் மகன் ஜோதா தப்பியோடிப் பதினைந்தாண்டு காடும் மணலுமாக அலைந்து, 1453 இல் மண்டோரை மீட்டு, 1459 மே மாதத்தில் மண்டோருக்குத் தெற்கே ஆறு மைல் தொலைவிலிருந்த செங்குத்தான பாறைக்குன்றின்மீது புதிய கோட்டைக்கு அடிகோலினான். அதுவே மெஹரான்கர்; அதன் அடிவாரத்துப் பிறந்த நகரம் ஜோத்பூர். சமவெளியினின்றும் 400 அடி உயர்ந்து நிற்கும் அக்கோட்டையை உமைத் பவனின் மேன்மாடங்களிலிருந்து நேரே காணலாம். இரண்டு குன்றுகளும் ஒன்றையொன்று நோக்கிநிற்கின்றன.

கோட்டை எழுந்த குன்றுக்குப் பறவைக்குன்று என்று பெயர். அதன் குகையொன்றிலே, பறவைகளின் தலைவன் என்னும் பொருள்படச் சீடியா நாத் என அழைக்கப்பெற்ற துறவி ஒருவர் வாழ்ந்தார் என்றும், அரசன் அவரை அகற்றியபோது அவர் தம் அடுப்பின் தணலைத் துணியில் முடிந்துகொண்டு எழுந்து, இக்கோட்டை என்றும் நீரின்றி வாடுக எனச் சபித்துச் சென்றார் என்றும், ஜோதா நெஞ்சு நடுங்கி அவர்க்கு ஓர் ஆலயமும் உறையுளும் அமைத்துக் கொடுத்தான் என்றும் கதை வழங்குகிறது. சாபம் முற்றும் நீங்கவில்லை, சில ஆண்டுகட்கு ஒருமுறை பஞ்சமாக வந்து தீரும் என்று அந்நாட்டார் இன்றும் சொல்லுவர். கதை எங்ஙனமாயினும், ஜோதாவின் பட்டத்தரசி ஜஸ்மாதே கோட்டையின் அடிவாரத்திலே ராணிசர் என்னும் குளத்தைத் தொட்டாள் என்பதும், கோட்டை எழும்போதே குளமும் எழவேண்டியிருந்தது என்பதும் வரலாறு. பின்வந்த அரசரும் அரசியரும் செல்வரும் படிக்கிணறுகளையும் ஏரிகளையும் தோண்டிக்கொண்டேயிருந்தனர். நம் வன்னிநாட்டிலே குளத்தின் பெயரே ஊரின் பெயராகிவிட்டதைப்போல, ஜோத்பூரிலும் ஓர் அரசனின் பெயர் நிலைக்கவேண்டுமாயின் அவன் வெட்டிய நீர்நிலையாலேயே நிலைக்கவேண்டும்.

ஜோதாவுக்குப் பின்னர் மார்வாரின் புகழை உச்சிக்குக் கொண்டுசென்றவன் மால்தேவன் (1532–1562). 1544 இல் சம்மேல் என்னுமிடத்திலே அவன் சேனைத்தலைவர் சிலர், தம்மினும் பன்மடங்கான ஷேர்ஷாவின் படையைக் குலையச் செய்தனர். போரில் வென்ற ஷேர்ஷா, ஒரு கைப்பிடிக் கம்புக்காக ஹிந்துஸ்தானத்தின் ஆட்சியையே தோற்கவிருந்ததாகப் பெருமூச்செறிந்தான் என்று சரித்திரகாரர் எழுதுவர். கம்பு ஒன்றே விளையும் நிலம் எனப் பகையரசன் கண்டது எவ்வளவு உண்மை! அக்பரின் காலத்தில் உதயசிங் மொகலாயப் பேரரசோடு இணங்கினான். 1678 இல் ஜஸ்வந்த்சிங் இறந்ததும் ஔரங்கசீப் மார்வாரைக் கவர முயல, பச்சிளங் குழந்தையாகிய அஜித்சிங்கைத் துர்க்காதாஸ் என்னும் வீரன் ஒளித்து வளர்த்து, 1707 இல் கோட்டையுள் மீளச் செய்தான். ஜோதாவின் காலமுதற் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தக்தசிங்கின் காலம்வரை அரசர் குடியிருந்தது பெரும்பாலும் மெஹரான்கரிலேயே. சூர்சிங் அமைத்த முத்து மாளிகையும், அபயசிங் அமைத்த மலர் மாளிகையும், தக்தசிங்கின் வாழ்மனையும் ஒன்றன்மேலொன்றாகப் பாறையிற் கவிந்து நிற்கின்றன.

1818 ஜனவரியில் ஜோத்பூர் ஆங்கிலக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. கண்டி இராச்சியம் 1815 மார்ச்சிலே ஆங்கிலேயர் கைப்பட்டு மூன்றாண்டும் நிரம்பாத காலம் அது. கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பெற்றான். அவன் அரண்மனை அரசாங்க அலுவலகங்களுக்கு உரியதாயிற்று. ஜோத்பூர் மன்னனுக்கோ சிங்காசனமும் வரியும் கொடியும் எஞ்சின. நம் தீவிலே இருபதாம் நூற்றாண்டில் எவரும் அரண்மனை கட்டாமைக்கும், மார்வாரிலே கட்டினமைக்கும் இவ்வேறுபாடே காரணம்.

பஞ்சமும் அத்திவாரமும்

விக்கிரம சகாப்தம் 1956 இல் வந்தமையால் 'சப்பனியா' என இன்றும் மார்வாரிப் பாட்டிமார் பெயர்சொல்லும் 1899–1900 ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம், சமஸ்தானத்து மக்களையும் மாடுகளையும் பெருந்தொகையாக வாரிக்கொண்டுபோயிற்று. அதனைக் கண்ணாற் கண்டவர்கள் உயிரோடிருந்த காலத்திலேயே, 1920 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மழை மூன்றாண்டு தொடர்ந்து பொய்த்தது. அப்பொழுது அரசுக்கட்டிலில் இருந்தவர் உமைத் சிங். தமையன் சுமேர்சிங் 1918 இல் இளமையிலேயே மறையப் பதினைந்தாம் பிராயத்தில் பட்டமெய்தி, ஹைபா நகரைத் தம் குதிரைப்படையாற் கைப்பற்றிய ஜோத்பூர் லான்சர் பட்டாளத்தின் புகழ் பரவியிருந்த நாளிலே வளர்ந்து, சிறியபாட்டனார் முறையினராகிய சேர் பிரதாப் சிங்கின் கண்காணிப்பிலே கல்வி கற்று, 1923 இல் முழு அதிகாரம் பெற்றவர். ஆகாயவிமானம் செலுத்துவதிற் பெருவிருப்பினர். அவர் அமைத்த விமானத்தளத்தாலேயே முப்பதுகளில் ஐரோப்பாவிலிருந்து கீழைநாடுகளுக்குப் பறந்த விமானங்கள் ஜோத்பூரிலே தங்கிச் செல்வனவாயின.

குடிகள் வேலை கேட்டனர். பிச்சையிடுவதினும் கூலி கொடுப்பது மேலென்பது அரசநீதி. கூலி கொடுப்பதற்கு வேலை வேண்டும். வேலை ஓராண்டில் முடிந்துவிடுவதாக இருத்தலாகாது. கைத்தொழில் அறியாத உழவனும் செய்யக்கூடியதாக இருத்தல் வேண்டும். பாலையிலே பெருகிக்கிடக்கும் பொருளாகிய கல்லை முதலாகக் கொண்டதாக இருத்தல் வேண்டும். இவையனைத்தும் பொருந்தியது அரண்மனை நிர்மாணம். இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1784 இல் அவத நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது நவாப் அசாப் உத் தௌலா லக்னோவிலே பெரிய இமாம்பாராவைத் தொடங்கினான் என்பது வடநாட்டார் நன்கறிந்தது. ஜோத்பூரில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர்வரை நாள்தோறும் வேலைசெய்தனர். பதினான்காண்டு அவ்வேலை நின்றிலது. ஏறக்குறைய ஒரு கோடி ரூபா செலவாயிற்று. இப்பணத்தைக் கொண்டு கிணறும் குளமும் தோண்டியிருக்கலாமே, பஞ்சகாலத்திலே மன்னனுக்கு மாளிகை எதற்கு என்று எழுதியவரும் உளர். அவர்கள் 1933 இல் அதே மஹாராஜா கட்டிய உமைத் சாகர் நீர்த்தேக்கத்தை மறந்துவிட்டனர். குளமும் கட்டினார், மாளிகையும் கட்டினார், இரண்டினாலும் அடுப்பெரிந்தது. வறட்சி தொடர்ந்த காலமெல்லாம் பல்லாயிரம் வாய்களுக்குக் கம்பஞ்சோறு தந்த தருமகாரியமாகவே இந்நிர்மாணத்தைக் கொள்ளல் வேண்டும்.

சிற்பியும் கல்லும்

அரண்மனையை வகுத்தளித்தவர் ஹென்றி வாகன் லான்செஸ்டர் (1863–1953) என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். வேல்ஸ் நாட்டிலே கார்டிப் நகர மண்டபமும், இலண்டன் வெஸ்ட்மினிஸ்டரிலே மெதடிஸ்த மத்திய மண்டபமும் அவரும் அவர்தம் கூட்டாளியும் அமைத்தவை. அவர் நம்மவர்க்கு முற்றும் அந்நியரல்லர். புது டில்லியின் அமைப்பிடம் ஆராயப்பட்ட 1912 இல் ஆலோசகராக வந்தவர், பின்னர்ச் சென்னை மாநகரின் நிர்மாணத்தைப்பற்றி ஆராய்ந்து 1918 இல் நூலொன்றும் வெளியிட்டார். கொழும்புக்கென 1921 இல் நகரத் திட்டம் வகுத்துத் தந்த பற்றிக் கெடிஸ் அவரோடு ஒத்த கருத்தினர். இருவரும் இந்திய நகரங்களை இடித்துத் திருத்துவதினும் கண்டு கற்றுத் திருத்துவதையே விரும்பினர். வேலைத்தலத்திலிருந்து நடத்தியவர் கோல்ட்ஸ்ட்ரோ என்னும் பொறியியலாளர்.

குன்றைத் தெரிந்தவர் சோதிடர் என்பர். வீதியில்லை, நீரில்லை, மரமில்லை, கல்மட்டும் இருந்தது. கல்லகழிடத்திலிருந்து குன்றுவரை தனி இருப்புப்பாதை போடப்பட்டது. மாளிகை முழுவதும் பொன்மை கலந்த மணற்கல்லாலாயது. காலை வெயிலில் வெளிர்ந்தும் மாலை வெயிலிற் செம்பொன்னாகியும் தோன்றுவது அக்கல்லின் இயல்பு. சலவைக்கல், தாஜ்மஹாலுக்குக் கல் தந்த மக்ரானாவிலிருந்து வந்தது. மக்ரானா ஜோத்பூர்ச் சமஸ்தானத்துக்குள்ளேயே அடங்கிய ஊராதலின் அதுவும் உள்நாட்டுப் பொருளே. தேக்குமட்டும் பர்மாவிலிருந்து வந்தது.

சுவரின் கட்டுமானம் தனிச் சிறப்புடையது. கற்களைச் சாந்திட்டு ஒட்டாமல், ஒரு கல்லிற் குடுமியும் அடுத்த கல்லிற் குழியுமாகச் செதுக்கி, ஒன்றுள் ஒன்று செறியுமாறு அடுக்கினர். நம் தச்சர் மரத்திலே செய்யும் பொருத்தை ஜோத்பூர்க் கற்றச்சர் கல்லிலே செய்தனர் என்றால் பொருந்தும். சுண்ணச்சாந்துக்கு வேண்டிய நீர் இல்லாத நாட்டிலே இம்முறை எவ்வளவு ஏற்றது என்பது சொல்லாமலே விளங்கும். இவ்வாறு கல்லை இழைத்து அடுக்கும் கைவன்மை மெஹரான்கரின் சாளரப் பின்னல்களிலே நானூறாண்டு பயின்றது. உழவர் கற்சுமந்தனர், கூலிக்கு வந்தவர் கைத்தொழிலாளராயினர், தந்தையின் உளியை மகன் பெற்றான். தோட்டத்துக்கோ மண்ணே இல்லை. பாறையை வெடிவைத்துப் பிளந்து குழியாக்கி, அக்குழிகளிலே கழுதைச் சுமையாகக் கொண்டுவந்த மண்ணைக் கொட்டியே மரம் நட்டனர்.

கட்டடப் பாணி

உமைத் பவன் எப்பாணியைச் சார்ந்தது என்பதிலே எழுதுவோர் வேறுபடுவர். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து மாடத்தைக் கொண்டமையால் மேனாட்டுப் பாணி என்பார் ஒருசாரார்; 1925 இற் பாரிஸ் கண்காட்சிக்குப் பின் உலகெங்கும் பரவிய, நேர்கோடும் வளைவும் விரவிய அலங்காரப் பாணியாகிய ஆர்ட் டெக்கோ என்பார் மற்றொருசாரார். உள்ளமைப்பை நோக்குவார்க்கு இரண்டாவது கூற்றிற் சிறிது உண்மை தோன்றும். புறவுருவத்தை நின்று நோக்குவார்க்கு இரண்டும் போதாவென்பது புலனாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே இந்தியாவிற் கட்டப்பெற்ற பொதுக் கட்டடங்கள் பலவும் இந்தோ-சரசனிக் எனப்படும் கலப்புப் பாணியின. 1892 இல் திறந்த சென்னை உயர்நீதிமன்றத்தைக் கண்டவர் அதன் குமிழ்மாடங்களையும் தூண்கோபுரங்களையும் நினைவுகூர்வர். மொகலாயர் வழிவந்த அவ்வுறுப்புகளை லான்செஸ்டர் மார்வாருக்கு வேண்டாமென்று விலக்கினார். இராஜபுதனம் இஸ்லாமிய ஆட்சியின் செல்வாக்குக்கு ஓரளவே உட்பட்டது. ஆதலால் அதற்கு முற்பட்ட இந்துக் கோயிற் கலையிலிருந்தே இங்கு உருவெடுத்தல் தகும் என்பது அவர் துணிபு. அத்துணிபு சாலவும் பொருத்தமானதே.

சிற்பநூலார் கோயிலை நாகரம், வேசரம், திராவிடம் என மூவகைப்படுத்துவர். திராவிடத்திலே விமானம் தளந்தளமாக உயர்ந்து, ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் கபோதம் கிடைக்கோடாக ஓடும். நாகரத்திலே சிகரம் அடியிலிருந்தே வளைந்தெழும். அதனைச் சுற்றிச் சிறு சிகரங்கள் ஒட்டிநின்று, ஒரு மலையைச் சூழ்ந்த குன்றுகளைப்போலத் தோன்றும். கோயில் மேருவின் படிமம் என்னும் கொள்கை இரண்டுக்கும் பொது. உமைத் பவனின் நடுமாடத்தைச் சூழ்ந்து நிற்கும் சிறுமாடங்களும், அவற்றினின்று படிப்படியாகத் தாழ்ந்து இரு பக்கமும் விரியும் சிறைக்கட்டடங்களும் நாகரக் கோயிலின் மலைத்தோற்றத்தையே நினைவூட்டுவன. சுவரைக் குறுக்கே அறுத்தோடும் ஆழ்ந்த கபோத நிழல்களோ, நம் தென்னாட்டு விமானத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு உறவாகத் தோன்றுவன. கம்போஜத்து அங்கோர் வாட்டினோடு இதனை ஒப்பிட்டவரும் உளர். மலையுருவே மூலம் என்று கொண்டால் அவ்வொப்பீடும் தவறன்று. கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தின் மாடம் உரோமாபுரி வழிவந்தது. அதனை நோக்கிய கண்ணோடு ஜோத்பூர் மாடத்தை நோக்கினால் பிறப்பு வேறு என்பது தெரியும். முன்னையது வானத்தைக் கவிக்கும் கிண்ணம். பின்னையது தரையிலிருந்து குவிந்த மலை.

அரசிழந்த நாடுகள் தம் பழைய அரண்மனை உருவங்களை நோக்கித் திரும்புவது அக்காலத்தின் பொதுப்போக்கு. நம் கொழும்புச் சுதந்திர மண்டபம் கண்டியின் மகுல் மடுவவை மாதிரியாகக் கொண்டெழுந்தது. மரத்தூண்களை வேறு பொருளாக மாற்றியவழி அங்கே உருவம் நின்றது, உயிர்ப்புக் குறைந்தது. ஜோத்பூரிலே பழைய கோயில் ஒன்றையும் அப்படியே பெயர்த்துவைக்காமல், அதன் எழுச்சியைமட்டும் எடுத்தாண்டமையால், புதுமையும் பழமையும் ஒன்றையொன்று பகையாமல் அமைந்தன. ஆகவே இதனை நாகர மரபின் இருபதாம் நூற்றாண்டுக் கிளை என வகைப்படுத்துதலே ஏற்புடைத்து.

உள்ளமைப்பு

நடுமாடத்தின் கீழ் வட்டமாகிய பெருங்கூடம். அதன் உள்மாடம் நூறடிக்கு மேல் உயர்ந்தது. சபாமண்டபமும், விருந்துச் சாலைகளும், நூல்நிலையமும், திரைப்படக் கூடமும், சலவைக்கல் பதித்த பந்தாட்டக் கூடங்களும் இருபுறமும் விரிகின்றன. நிலத்தடியிலே நீச்சல்தடாகம், அதன் தரையிலும் சுவரிலும் இராசிச் சக்கரத்தின் பன்னிரு வடிவங்கள் வண்ணவோடுகளாற் பதிக்கப்பெற்றன. ஒரு குடம் நீருக்கு மூன்று மைல் நடக்கும் நாட்டிலே மன்னன் தடாகத்தை நிலத்துக்குக் கீழே அமைத்தது வெயிலுக்கு அஞ்சி என்பர்.

தளபாடங்களை இலண்டனிற் செய்வித்தனர். அவற்றை ஏற்றிவந்த கப்பல் 1942 இல் ஜேர்மானியரால் மூழ்கடிக்கப்பட்டது. அந்நிலையிலே மஹாராஜாவுக்கு வாய்த்தவர் ஸ்டெபான் நோர்ப்ளின் (1892–1952) என்னும் போலந்து நாட்டு ஓவியர். 1939 இல் தம் நாடு நாசிப்படையால் மிதிக்கப்பட்டதும், நடிகையாகிய மனைவியுடன் ஊர்விட்டு ஊர் நீங்கி, ஈராக் வழியாக இந்தியா வந்தவர். அவர் தளபாடங்களுக்குப் புதிய உருவம் வரைந்துகொடுக்க, உள்ளூர்த் தச்சர் அவற்றைச் செய்தனர். சபாமண்டபத்துச் சுவரில் இராமகாதைக் காட்சிகளை அவரே தீட்டினார். நாடிழந்து வனம் புகுந்தவனின் கதையை, நாடிழந்து கடல் கடந்தவர் ஒருவர் பாலைவனத்திலே வரைந்தார். சுண்ணச்சுவர்மீது எண்ணெய் வண்ணம் என்பதால் அவை வறண்ட காற்றில் வெடிக்கத் தொடங்கின; பிற்காலத்திலே போலந்து நாட்டு வல்லுநர் வந்து செப்பனிட்டனர். நோர்ப்ளின் அமெரிக்காவிலே 1952 இற் காலமானார். தாயகத்துக்கு அவர் திரும்பவேயில்லை.

பிற்காலம்

உமைத் சிங் தாம் கட்டிய மாளிகையிலே வாழ்ந்தது நாலாண்டளவே. 1947 ஜூன் 9 இல் ஆபு மலையில், குடல்வால் நோயினால், நாற்பத்துமூன்றாம் பிராயத்தில் மறைந்தார். மகன் ஹன்வந்த் சிங் பட்டமேற்று இரண்டு திங்களுள் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். 1949 இல் அது இராஜஸ்தானத்துள் அடங்கிற்று. முதற் பொதுத்தேர்தலில் நின்ற அவர், வெற்றிச் செய்தி வருமுன் 1952 ஜனவரி 26 இல் விமான விபத்தில் மாண்டார். நான்கு வயதிற் பட்டம் பெற்ற கஜ் சிங்கின் காலத்திலே, 1971 இல் மன்னர் மானியம் நீக்கப்பட்டபின், மாளிகையின் ஒரு பகுதி விடுதியாகவும் ஒரு பகுதி அரும்பொருட் காட்சிச்சாலையாகவும் ஆக்கப்பெற்றது. எஞ்சிய பகுதியில் அரச குடும்பத்தார் வாழ்கின்றனர். விடுதியை 2005 முதல் தாஜ் நிறுவனத்தார் நடத்துகின்றனர்.

மறைவதற்கு முந்திய ஆண்டாகிய 1946 இல் மஹாராஜா உமைத் சிங் மற்றொரு நிர்மாணத்தையும் தொடங்கிவைத்தார். லூணியின் கிளையாகிய ஜவாய் நதியைத் தடுக்கும் அவ்வணை 1957 இல் முற்றுப்பெற்றது. பாலி மாவட்டத்து வயல்களுக்கும் ஊர்களுக்கும் அதன் நீர் பாய்கின்றது.